கபடிக்குக் கோடி வந்தது, காலனிக்கு என்ன வந்தது?

போன மாதம் ஒரு மாலை. மேட்டூரில் எங்கள் காலனி சமுதாயக்கூடத்தில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு டியூஷன் நடந்துகொண்டிருந்தது. பின்வரிசையில் ஒரு பையன் செல்போனில் புரோ கபடி ஏலத்தின் பழைய வீடியோவைப் பார்த்துக்கொண்டிருந்தான். திட்டலாம் என்றுதான் பக்கத்தில் போனேன். அவன் போனை மறைக்கவில்லை. "ரெண்டு கோடியே அறுவது லட்சம்ங்ண்ணா! நாமளும் இப்படித்தான பாடிட்டுப் போறோம்? நம்மள யாருண்ணா எடுப்பாங்க?" என்றான்.

"மொதல்ல பப்ளிக் எக்ஸாம் எழுதுடா" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அது பதில் இல்லை என்று எனக்கே தெரியும். அவனுக்கும், அவனைப் போல விளையாட்டை நம்பியிருக்கும் நம் தம்பி தங்கைகளுக்கும் சொல்ல வேண்டியதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் என் கதை. 2006இல் நான் பிளஸ் ஒன் படித்தேன். காலனி கபடிக் குழுவில் ரெய்டர். மேச்சேரி, நங்கவள்ளி, கொளத்தூர் பக்கம் எந்த ஊரில் திருவிழா என்றாலும் கபடிப் போட்டி இருக்கும். எங்கள் குழுவுக்கு அண்ணல் பெயர். ஆனால் மைக்கில் அந்தப் பெயரைச் சொல்ல மாட்டார்கள். "அடுத்து காலனி டீம் வரவும்" என்பார்கள். ஒரு ஊரில் அரையிறுதியில் நாங்கள் ஐந்து பாயிண்ட் முன்னால் இருந்தோம். திடீரென்று "வெளிச்சம் பத்தல, ஆட்டம் ரத்து" என்றார்கள். அந்த வெளிச்சத்திலேயே இறுதிப் போட்டி நடந்ததை வாய்க்கால் கரையில் நின்று பார்த்துவிட்டு, சைக்கிளை மிதித்துக்கொண்டு வீடு வந்தோம். கேட்கப் போன அண்ணனுக்குச் சட்டை கிழிந்தது.

அப்போது கபடியில் காசு கிடையாது. சுழற்கோப்பை, ஒரு ஆட்டுக்கிடா, சில ஆயிரம் ரூபாய், அவ்வளவுதான். நன்றாக ஆடுகிறவனின் பெரிய கனவு ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் போலீஸ், ரயில்வே, மின்வாரியம் என்று எங்காவது ஒரு வேலை. மணத்தி கணேசன் 1994 ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற அணியில் இருந்தவர், 1995இல் அர்ஜுனா விருது பெற்றவர். நம் தலைமுறையில் எத்தனை பேருக்கு அவரைத் தெரிந்திருந்தது? 2025இல் 'பைசன்' படம் வந்த பிறகுதான் பலர் பேசினார்கள்.

2014இல் புரோ கபடி லீக் தொடங்கியது. முதல் சீசனில் அதிக விலைக்குப் போனவர் ராகேஷ் குமார், 12.80 லட்சம். 2018இல் மோனு கோயத் 1.51 கோடி. 2023இல் பவன் செஹ்ராவத்தைத் தெலுங்கு டைட்டன்ஸ் 2.605 கோடிக்கு எடுத்தது. ஒன்பது வருடத்தில் இருபது மடங்கு. மண்ணில் வெறுங்காலோடு ஆடிய ஆட்டம் மேட்டுக்கும் ஷூவுக்கும் மாறியது. முப்பது விநாடி ரெய்டு, டூ ஆர் டை ரெய்டு என்று டிவிக்கு ஏற்ற வேகம் வந்தது. நம் சடுகுடுவை நாடே உட்கார்ந்து பார்க்கிறது. எனக்கும் பெருமைதான். அதை மறைக்க வேண்டியதில்லை.

ஆனால் அந்த 2023 ஏலத்தைக் கொஞ்சம் உடைத்துப் பாருங்கள். ஒரு அணி மொத்தமாகச் செலவழிக்க அனுமதி 5 கோடி. ஒரே வீரருக்குப் பாதிக்கு மேல் போய்விட்டது. கடைசிப் பிரிவு வீரரின் அடிப்படை விலை 9 லட்சம். ஒரே ஆட்டத்தில், ஒரே மேட்டில் நிற்பவர்களுக்குள் இருபத்தெட்டு மடங்குக்கு மேல் வித்தியாசம். அந்த சீசனில் தெலுங்கு டைட்டன்ஸ் கடைசி இடம். ஏழு பேர் சேர்ந்து ஆடும் ஆட்டத்தை ஒருவர் மட்டும் ஜெயித்துக் கொடுக்க முடியாது. பெண்களுக்கு அதுவும் இல்லை. 2016இல் மூன்று அணிகளை வைத்து ஒரு முறை நடத்திப் பார்த்தார்கள், அதோடு சரி. 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் தங்கம் வென்ற இந்தியப் பெண்கள் அணியில் கண்ணகி நகர் கார்த்திகா ஆடினார். சென்னைக்குள்ளிருந்து துரத்தப்பட்ட மக்களைக் கொண்டுபோய்க் குடிவைத்த இடம் கண்ணகி நகர். அரசு அவருக்கு 25 லட்சம் கொடுத்தது, நல்லது. ஆனால் அவரை எடுக்கப் பெண்களுக்கான புரோ கபடி லீக் அப்போது இல்லை.

இனி மேலே இருந்து கீழே வருவோம். இந்தப் பணம் எங்கள் ஊர்த் திருவிழாப் போட்டிகளை என்ன செய்தது?

பரிசுத் தொகை ஏறிவிட்டது. நோட்டீஸில் ஸ்பான்சர்கள் படம் போடுகிறார்கள். ஜெயித்தே ஆக வேண்டும் என்ற வெறியில் பெரிய ஊர் அணிகள் வெளியாட்களை 'கெஸ்ட் பிளேயர்' என்று காசு கொடுத்துக் கூட்டிவருகின்றன. அப்படிக் கூட்டிப்போகிறவர்களில் நம் காலனிப் பையன்களும் உண்டு. 2006இல் எங்களை ஆட விடாத ஊர் இன்று என் தம்பிகளை வண்டி அனுப்பிக் கூட்டிப்போகிறது! அவர்கள் சாதிச் சங்க நிறத்தில் ஜெர்சியை மாட்டிக்கொண்டு நம் பையன் ரெய்டு போகிறான். ஜெயித்தால் தோளில் தூக்குகிறார்கள். சாப்பாடு மட்டும் பார்சலாக வண்டிக்கே வந்துவிடுகிறது.

இரண்டு வருடத்துக்கு முன்னால் அப்படிப் போன ஒரு தம்பிக்கு முழங்காலில் ஜவ்வு கிழிந்தது. ஒரு ஆட்டத்துக்குப் பேசியது ஆயிரம் ரூபாய். அன்றைக்கு இரண்டாயிரம் கையில் கொடுத்து, காலனி முனையில் இறக்கிவிட்டுப் போனார்கள். அதன் பிறகு போன் எடுக்கவில்லை. காப்பீட்டு அட்டைக்காகவும் ஆஸ்பத்திரிக்காகவும் நான் அவனோடு மூன்று மாதம் அலைந்தேன். இன்றைக்கு அவன் அனல் மின் நிலையப் பக்கம் ஒரு கான்ட்ராக்டரிடம் தினக்கூலி. படியேறினால் கால் வலிக்கிறது. அவன் அம்மா என்னிடம் கேட்டது இதுதான்: "ஜெயிச்சப்போ உங்க புள்ளன்னு தூக்குனாங்களே தம்பி, இப்போ யார் புள்ளன்னு கேளு."

எம்.ஏ. படிக்கும்போது அமெரிக்கக் கூடைப்பந்து பற்றி ஒரு பேப்பர் எழுதினேன். அந்த அம்மாவின் கேள்விக்குப் பிறகு அதைத் தேடி எடுத்து மறுபடி படித்தேன்.

பில் ரஸ்ஸல் பாஸ்டன் அணிக்கு 13 சீசனில் 11 கோப்பைகள் வாங்கிக் கொடுத்தவர். 1961இல் லெக்சிங்டன் நகரத்துக்குக் காட்சி ஆட்டம் ஆடப் போனபோது, அணியின் கறுப்பின வீரர்களுக்கு ஓட்டலில் சாப்பாடு தர மறுத்தார்கள். அவர்கள் ஆடாமலே திரும்பினார்கள். 1965இல் அவருடைய சம்பளம் 1,00,001 டாலர், அந்தக் காலத்தின் உச்சம். அப்படிப்பட்டவரின் வீட்டையே வெள்ளையர்கள் உடைத்துப் புகுந்து அசிங்கம் செய்துவிட்டுப் போனார்கள். புகழும் பணமும் அவருக்கு மரியாதையை வாங்கித் தரவில்லை.

மாற்றம் வேறு வழியில் வந்தது. 1964 ஜனவரி 14, பாஸ்டனில் ஆல் ஸ்டார் ஆட்டம். டிவி நேரலைக்குத் தயாராக இருக்கிறது. கறுப்பரும் வெள்ளையருமாக எல்லா வீரர்களும் உடைமாற்றும் அறைக்குள் உட்கார்ந்துகொண்டார்கள். ஓய்வூதியத்துக்கு வாக்குறுதி தராமல் களத்தில் இறங்க மாட்டோம் என்றார்கள். லீக் தலைவர் வாக்குக் கொடுத்த பிறகே ஆடினார்கள். அதுவரை ஒப்பந்தம் முடிந்தாலும் வீரர் அந்த முதலாளிக்கே சொந்தம் என்று இருந்தது. வீரர் சங்கத் தலைவரான ஆஸ்கர் ராபர்ட்சன் 1970இல் அதை எதிர்த்து வழக்குப் போட்டார். 1976இல் சமரசம் வந்தது. விரும்பிய அணிக்குப் போகும் உரிமை படிப்படியாகக் கிடைத்தது. இன்று லீக் வருமானத்தில் ஏறக்குறைய பாதி வீரர்களுக்கு. சங்கம் பேசி வாங்கியது அது.

இன்னொரு பாடமும் அங்கே இருக்கிறது. 1991இல் சிகாகோ வீரர் கிரெய்க் ஹாட்ஜஸ் வெள்ளை மாளிகைக்கு ஆப்பிரிக்க உடையில் போய், ஏழைகளுக்காகவும் கறுப்பின மக்களுக்காகவும் அதிபருக்கு ஒரு கடிதம் கொடுத்தார். அடுத்த வருடம் அணி அவரை விட்டுவிட்டது, வேறு எந்த அணியும் எடுக்கவில்லை. 2020 ஆகஸ்டில் ஜேக்கப் பிளேக் என்ற கறுப்பரைப் போலீஸ் முதுகில் சுட்டபோது, மில்வாக்கி அணி மொத்தமாக ஆட மறுத்தது. மற்ற அணிகளும் நின்றன. லீக்கே நின்றது. ஒருவரையும் வேலையைவிட்டு அனுப்ப முடியவில்லை. தனியாகப் பேசியவர் வீட்டுக்குப் போனார். சேர்ந்து நின்றவர்களைத் தொட முடியவில்லை.

பணம் கெட்டது என்று நான் சொல்லவில்லை. பக்கத்துச் சின்னப்பம்பட்டியிலிருந்து போன நடராஜனை 2017இல் பஞ்சாப் அணி 3 கோடிக்கு எடுத்தபோது இந்தப் பக்கம் முழுக்கப் பட்டாசு வெடித்தது, நானும் வெடித்தேன். ஏழை வீட்டுப் பிள்ளைக்குக் காசு வேண்டாம் என்று சொல்ல எவனுக்கும் உரிமை இல்லை. ஆனால் ஏலத்தில் விலையைச் சொல்கிறவர்கள் வாங்குகிறவர்கள். விலை எவ்வளவு ஏறினாலும் நாம் பேசும் இடத்தில் இல்லை. திருவிழா மைதானத்திலும் அதே கதைதான். ஆயிரம் ரூபாய்க்கு நம் காலையும் மூச்சையும் வாங்கிக்கொள்கிறார்கள், நம் குழுவின் பெயரைச் சொல்ல மட்டும் வாய் வரவில்லை.

போன வாரம் டியூஷன் முடிந்து பையன்களை உட்கார வைத்துப் பேசினேன். ஜவ்வு கிழிந்த தம்பியும் வந்தான், அவன்தான் அதிகம் பேசினான். ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதினோம். ஒன்று, யார் கூப்பிட்டாலும் ஆட்டத்துக்கு இவ்வளவுதான் என்று எல்லோரும் ஒரே தொகை கேட்பது. இரண்டு, அடிபட்டால் வைத்தியச் செலவு அழைத்த அணியுடையது என்று முன்கூட்டியே எழுதி வாங்குவது. மூன்று, சாப்பாடு எல்லோரோடும் ஒரே பந்தியில். நான்கு, நம் குழு ஆடும்போது மைக்கில் குழுவின் முழுப் பெயர். இதில் ஒன்று குறைந்தாலும் யாரும் போவதில்லை. பன்னிரண்டு பேர் கையெழுத்துப் போட்டார்கள். பக்கத்துக் காலனிகளிலும் பேச வேண்டும், இல்லையென்றால் அங்கிருந்து ஆள் எடுத்துவிடுவார்கள்.

கடைசியாகக் கையெழுத்துப் போட்டவன், என்னிடம் ஏலத்தைப் பற்றிக் கேட்ட அதே பையன். "அவங்க ஒத்துக்கலன்னா ஆட்டம் போயிருமேண்ணா?" என்றான்.

"போகலாம். ஆனா நீங்க இல்லாம அவங்களுக்குக் கோப்பையும் கிடைக்காதுடா" என்றேன்.

பங்குனியில் முதல் போட்டி வருகிறது. என்ன நடந்தது என்று எழுதுகிறேன். உங்கள் ஊரில் கபடியோ, கால்பந்தோ, கூடைப்பந்தோ ஆடும் தம்பி தங்கைகள் இருந்தால், முதலில் அவர்களை ஒன்றாக உட்கார வையுங்கள்.

ஜெய்பீம்.