மூக்கின் மேல் போட்ட பழி

பத்து வயதில் கிணற்றடியில் வழுக்கி விழுந்தேன். துவைக்கிற கல்லில் மூக்கு மோதி, தண்டு இடப்பக்கம் வளைந்துவிட்டது. அந்தக் காலத்தில் அதையெல்லாம் யார் பார்த்தார்கள்? ரத்தம் நின்றால் சரி.

முப்பது வயதுக்கு மேல் தலைவலி பிடித்துக்கொண்டது. நெற்றியிலும் ஒரு கண்ணுக்குப் பின்னாலும் தெறிக்கும். கூடவே மூக்கு அடைக்கும், கண்ணில் நீர் வடியும். பார்த்தவர்கள் எல்லோரும் "சைனஸ்தான்" என்றார்கள். நொச்சித் தழை போட்டு ஆவி பிடித்தேன். சுக்கு உரைத்துப் பற்றுப் போட்டேன். நெற்றித் தோல் எரிந்ததுதான் மிச்சம். கடைசியில் ஸ்கேன் எடுத்தபோது வளைந்த தண்டு பளிச்சென்று தெரிந்தது. திருடன் அகப்பட்டான் என்று எனக்கு ஒரே சந்தோஷம். ஆபரேஷனும் செய்துகொண்டேன்.

மூச்சு தாராளமாக வந்தது. தலைவலியும் மூன்றாவது வாரம் வந்தது.

பிறகு நரம்பு மருத்துவர் ஒருவர் கேட்டார்: "வலி வந்தா வெளிச்சம் ஆகாதா ஐயா? குமட்டுமா? வேலையை விட்டுட்டுப் படுத்துருவீங்களா?" மூன்றுக்கும் என் மனைவிதான் பதில் சொன்னாள். அந்த நாள்களில் ஜன்னலைச் சாத்தி, குக்கர் விசில்கூட வராமல் பார்த்துக்கொண்டவள் அவள்தானே. எனக்கு இருந்தது ஒற்றைத் தலைவலி. இருபது வருஷம் மூக்கைத் திட்டியிருக்கிறேன்.

ஏமாந்தது நான் மட்டுமில்லை. 2004-இல் அமெரிக்காவில் வெளிவந்த ஓர் ஆய்வில், சைனஸ் தலைவலி என்று நம்பிவந்த 2,991 பேரைப் பார்த்ததில் 88 சதவீதத்தினருக்கு ஒற்றைத் தலைவலிக்குரிய அடையாளங்களே இருந்தன. மூக்கு, சைனஸ் அறைகள், நெற்றி, மூளையின் மேலுறை எல்லாவற்றின் வலியையும் பெரும்பாலும் சுமந்துபோவது முக்கிளை நரம்பு என்ற ஒன்றுதான். அது கிளர்ந்தால் மூக்கும் அடைக்கும், கண்ணும் கலங்கும். தண்டு நூல் பிடித்தாற்போல் நேராக இருக்கிற ஆளும் அபூர்வம். ஸ்கேனில் ஏதாவது ஒரு வளைவு தெரியத்தான் செய்யும்.

அதற்காக மூக்கு முழு நிரபராதி என்றும் சொல்ல மாட்டேன். என் மைத்துனருக்குத் தண்டிலிருந்து முள் மாதிரி எலும்பு நீட்டிக்கொண்டு பக்கத்துச் சதையில் குத்திக்கொண்டிருந்தது. வலி இருக்கும்போதே அந்த இடத்தில் மரத்துப்போகும் மருந்து வைத்தார்கள். சில நிமிடத்தில் வலி அடங்கியது. இன்னொரு நாளும் அப்படியே பார்த்துவிட்டுத்தான் கத்தியை எடுத்தார்கள். அவருக்கு விட்டது. எனக்கு யாரும் அப்படிப் பார்க்கவில்லை; கேட்க எனக்கும் தெரியவில்லை.

இப்போது பேத்திக்குத் தலைவலி. "சைனஸ்தான் மாமா, ஸ்கேன் எடுத்துரலாம்" என்றாள் மருமகள். எடுக்கலாம், முதலில் நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கிக் கொடு என்றேன். என்றைக்கு வலித்தது, எவ்வளவு நேரம், தூங்கினாளா, சாப்பிட்டாளா, மாத்திரை போட்டாளா. மாத்திரைக் கணக்கு முக்கியம். சாதாரண வலி மாத்திரையே மாதத்தில் 15 நாள் என்று மூன்று மாதத்துக்கு மேல் ஓடினால், அதுவே தலைவலியைக் கொண்டுவந்துவிடும்.

இரண்டு மாதம் ஆகிறது. ஒன்பது தடவை வலித்திருக்கிறது. அதில் ஏழு, காலையில் சாப்பிடாமல் காலேஜ் பஸ்ஸைப் பிடிக்க ஓடிய நாள்கள். மூக்கடைப்பு என்று எழுதியிருப்பது இரண்டே இடத்தில். நாளைக்கு நோட்டை எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போகிறோம்.