கடற்கரைக்கு ஒரு நடை

மாப்பிள்ளையூரணியிலிருந்து கிழக்கே கடற்கரைக்குச் செல்ல வண்டி வேண்டியதில்லை. மேடு பள்ளமற்ற வழி, சிறுவரும் சோர்வின்றி நடப்பர். சென்ற தைத் திங்களில் ஒரு ஞாயிறு மாலை குடும்பமாய்ப் புறப்பட்டோம். பனையும் உடைமரமும் கடந்தால் உப்பளம், அதற்கப்பால் உமரிப் பூண்டு, ஓடையோரச் சேற்றைத் துளைத்து நிமிர்ந்த அலையாத்தியின் மூச்சு வேர்கள், பிறகு கடல்.

மணலில் அமர்ந்து, வான் தீவு இருக்கும் திசையைப் பிள்ளைகளுக்குக் காட்டினோம். 1986இல் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் கடல்சார் தேசியப் பூங்காவாயின. அவற்றுள் விலங்குசல்லியும் பூவரசன்பட்டியும் இன்று நீருக்கடியில். வான் தீவும் தேய்ந்து வந்ததால், 2015 முதல் அதனருகே செயற்கைப் பாறைகளை இறக்கி அலையின் வேகத்தைத் தணித்து வருகின்றனர். அலையைத் தடுத்து நின்ற பவளப் பாறைகளைச் சுண்ணாம்புக்காகப் பெயர்த்தெடுத்ததே இவ்வழிவின் முக்கியக் காரணங்களுள் ஒன்று.

"பெயர்த்தது யார், அப்பா?" என்றாள் இளையவள்.

எம் பாட்டனார் கட்டிய வீடு நினைவுக்கு வந்தது. அதன் சுவர்களில் பூசியிருப்பது பவளச் சுண்ணாம்பே. அதன் குளிர்ச்சியைப் பெருமையாகச் சொல்லியே வளர்ந்தவர்கள் நாங்கள்.

"நாம்தான், அம்மா" என்றோம்.

அவள் மறுமொழி கூறவில்லை. இருட்டுமுன் திரும்பினோம். ஓடையோரத்தில் அவள் முன்னே சென்று, மூச்சு வேர் ஒன்றையும் மிதியாமல் ஒதுங்கி நடந்தாள். நாங்களும் அவள் அடிச்சுவட்டிலேயே கால் பதித்து நடந்தோம்.