கிளீனர் சைடு விளக்கு

அக்டோபர் 4, 2024, வெள்ளி

டைடல் பார்க் சிக்னலில் நின்றபோது பக்கத்து ஆட்டோக்காரர் தலையை நீட்டி, "சார், கிளீனர் சைடு பிரேக் லைட் எரியல. பின்னாடி வர்றவன் ஏத்திடுவான், பாத்துக்குங்க" என்றார். நன்றி சொல்வதற்குள் பச்சை விழுந்துவிட்டது. இடப்பக்க விளக்கு எத்தனை நாளாக எரியவில்லையோ, கடவுளுக்கே வெளிச்சம். ஹெட்லைட் போனால் அன்றிரவே தெரிந்துவிடும். ஹாரன் போனால் அடுத்த தெருமுனையில் தெரியும். பின்விளக்கு போனால் ஊருக்கெல்லாம் தெரியும், ஓட்டுகிறவனுக்கு மட்டும் தெரியாது.

வண்டி 1999-இல் வாங்கிய மாருதி 800. நவம்பரில் ஆர்.சி. முடிகிறது. சொந்தக் காருக்கு முதல் பதிவு 15 ஆண்டு, பிறகு ஐந்தைந்து ஆண்டாக நீட்டிக்க வேண்டும். 2014, 2019 முடிந்து இது மூன்றாம் முறை. 600 ரூபாயாக இருந்த கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ஆனது. அவ்வளவு கட்டிவிட்டு, பிரேக் இன்ஸ்பெக்டர் முன்னால் ஒற்றை விளக்கோடு போய் நிற்க முடியாது.

அக்டோபர் 6, ஞாயிறு

தெருவில் பாதிப்பேர் மெரினாவில் விமான சாகசம் பார்க்கப் போய்விட்டார்கள். நான் டிக்கிக்குப் பின்னால் முக்காலி போட்டு உட்கார்ந்தேன்.

ஹோல்டரை வெளியே எடுத்தால் பல்பின் கண்ணாடி உள்ளே கறுத்திருந்தது. டபுள் கான்டாக்ட் பல்பு, 12 வோல்ட், 21/5 வாட். ஒரே கண்ணாடிக்குள் இரண்டு இழை. 5 வாட் இழை இரவில் எரியும் பார்க்கிங் லைட், 21 வாட் இழை பிரேக். அதன் பக்கவாட்டில் இருக்கும் இரண்டு முளைகளும் ஒரே மட்டத்தில் இருக்காது. ஒன்று சற்று மேலே, ஒன்று கீழே. ஒரு வழியாகத்தான் நுழைய வேண்டும் என்பதற்காகவே அப்படிச் செய்திருக்கிறார்கள். பொறுமை இல்லாமல் திருப்பிப் போட்டு அமுக்கினால் இழைகள் இடம் மாறி, லைட் போட்டால் பளீரென்றும் பிரேக் அழுத்தினால் மங்கலாகவும் எரியும். நெடுஞ்சாலையில் அப்படிப்பட்ட வண்டிகளைப் பார்த்திருக்கிறேன்.

புதுப் பல்பு போட்டேன். மனைவி பிரேக்கை அழுத்தினாள். "ஏங்க, எரியுதா?" எரிந்தது, ஆனால் அழுதுகொண்டு எரிந்தது. கூடவே, போடாத இண்டிகேட்டரும் லேசாகச் சிவந்தது. ஸ்விட்சைத் தொடவே இல்லை என்று அவள் சத்தியம் செய்தாள்.

அக்டோபர் 8, செவ்வாய்

எலக்ட்ரீஷியன் பாய் கடையில் பத்து நிமிட வேலை. டெஸ்ட் லைட்டை இரண்டு இடத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "பல்பு மேல பழி போடாதீங்க சார். எர்த் இல்ல" என்றார்.

விளக்குக்கு வந்த கரண்ட் வண்டியின் பாடி வழியாக பேட்டரிக்குத் திரும்ப வேண்டும். திரும்பும் வழி துருப்பிடித்துப் போனால் கரண்ட் சும்மா இருக்காது. பக்கத்து இழைக்குள் புகுந்து, அந்த ஒயர் வழியாக வேறு விளக்கைத் தொட்டு, எங்கே எர்த் கிடைக்கிறதோ அங்கே இறங்கும். வாசல் அடைத்திருந்தால் கொல்லைப்புறமாக வீடு வீடாக நுழைந்து போவது மாதிரி. போகிற வழியில் எல்லா வீட்டிலும் கொஞ்சம் விளக்கெரியும். மனைவியிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும்.

எங்கள் வீடு திருவான்மியூரில், கடற்கரையிலிருந்து நடந்து போகும் தூரத்தில். உப்புக் காற்று இரும்பை விட்டுவைப்பதில்லை. பாய் எர்த் ஸ்க்ரூவைக் கழற்றி, அந்த இடத்தை எமரித் தாளால் வெள்ளையாகும்வரை தேய்த்து, புது லக் அடித்து, மேலே கொஞ்சம் கிரீஸ் தடவினார். ஹோல்டருக்குள்ளும் அதே தாளைச் சுருட்டி விட்டு ஒரு சுற்று. பின்விளக்குக் கோளாறில் பாதி எர்த் கோளாறுதான், அதைப் பார்க்காமல் ஜனங்கள் பல்பு பல்பாக வாங்குகிறார்கள் என்றார். நானும் இரண்டு வாங்கி வைத்திருந்தேன். சட்டைப்பையிலேயே கிடந்தன. சொல்லவில்லை.

அக்டோபர் 11, வெள்ளி, ஆயுத பூஜை

வண்டியைக் கழுவிச் சந்தனம் குங்குமம் வைத்தபோதுதான் விளக்கின் மேல்மூடியை உற்றுப் பார்த்தேன். கிளீனர் சைடில் கீழ் விளிம்பில் விரல் நீளத்துக்கு விரிசல். டிரைவர் சைடு முழுசாக இருந்தாலும் சிவப்பு வெளிறி ரோஜா மிட்டாய் நிறத்துக்கு வந்துவிட்டது. கராஜ் இல்லாத வண்டி. இருபத்தைந்து வருஷ வெயில்.

2000 நம்பர் எமரித் தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்து, ரப்பிங் காம்பவுண்ட் போட்டேன். மேல் மங்கல் போய்ப் பளபளப்பு வந்தது. நிறம் வரவில்லை. வெயில் தின்ற சாயம் உள்ளேயே போனது, தேய்த்தால் திரும்பாது.

அக்டோபர் 15, செவ்வாய்

விடாத மழை. வேளச்சேரி மேம்பாலத்தில் ஜனங்கள் கார்களை வரிசையாக ஏற்றி நிறுத்தியிருப்பதை டிவியில் காட்டுகிறார்கள். 2015 வெள்ளம் கற்றுக்கொடுத்த பாடம். நம் தெருவில் தண்ணீர் ஏறவில்லை. ஆனால் கிளீனர் சைடு விளக்குக்குள் இரண்டு விரற்கடைத் தண்ணீர் நிற்கிறது. மீன் தொட்டி!

சிலிக்கான் வாங்கி விரிசலை அடைத்துவிடலாமா என்று நினைத்துப் பாய்க்குப் போன் செய்தேன். வேண்டாம் என்றார். அவசரத்தில் சுற்றிலும் பூசினால் அடியில் இருக்கும் சின்ன வடிதுளையும் அடைபடும், உள்ளே இருக்கும் ஈரம் ஆவியாகி உள்ளேயே சுற்றும், பின்பக்க வெள்ளிப்பூச்சு உரியும். அந்தப் பூச்சுதான் பல்பின் வெளிச்சத்தை வெளியே தள்ளுகிறது. அது போனால் புதுப் பல்பும் பழைய பல்பும் ஒன்றுதான்.

அக்டோபர் 19, சனி

மாற்று விளக்கு தேடி முதலில் ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு. கடைக்காரர் கேட்ட முதல் கேள்வி, "டைப் ஒன்னா, டைப் டூவா?" 800-இல் பழைய உருவம் டைப் ஒன்று, தொண்ணூறுகளின் கடைசியில் மாறியது டைப் இரண்டு. இரண்டின் விளக்கும் ஒன்றுக்கொன்று உட்காராது. என்னுடையது டூ. எடுத்துக் காட்டிய புது செட்டு லோக்கல். நிறம் ஜோர், விளிம்பு கோணல். எல்.இ.டி. பல்பு போடுங்கள் என்றும் வற்புறுத்தினார். சிவப்பு மூடிக்குப் பின்னால் வெள்ளை எல்.இ.டி. வைத்தால் பிரேக் வெளிச்சம் வெளிறித்தான் தெரியும். இண்டிகேட்டரில் வைத்தால் அது இழுக்கும் கரண்ட் குறைவு என்பதால் பிளாஷர் குழம்பிப்போகும். இந்த வண்டிக்குச் சாதாப் பல்பே போதும்.

அங்கிருந்து புதுப்பேட்டை. கூவத்தை ஒட்டிய அந்தச் சந்துகளில் நடப்பது எனக்குப் புத்தகக் கண்காட்சிக்குப் போவது போல. ஒரு கடையில் கதவுகள் மட்டும், அடுத்ததில் சைலன்சர்கள் மட்டும். காயலான் கடை என்று நாம் சொல்கிறோம், அவர்கள் யாரும் அப்படிச் சொல்வதில்லை. மாருதி 800 உற்பத்தி 2014 ஜனவரியில் நின்றுபோனது. ஓடும் வண்டிகளுக்கு இனி ஓடாத வண்டிகள்தான் கதி. ஒரு பையன் குவியலில் ஏறி மூன்று விளக்கு எடுத்து வந்தான், மூன்றும் டிரைவர் சைடு. கிளீனர் சைடுதான் பெரும்பாலும் இடிபடுகிறதாம், அதனால் அதற்குத்தான் கிராக்கி. கடைசியில் ஒரு ஒரிஜினல் ஜோடி கிடைத்தது. 900 சொல்லி 650-க்கு வந்தார். வாங்கும்முன் வெயிலில் தூக்கிப் பிடித்து, பின்பக்கப் பூச்சு உரியாமல் இருக்கிறதா, ஸ்க்ரூ போகும் காதுகள் உடையாமல் இருக்கின்றனவா என்று பார்த்துக்கொண்டேன். ரப்பர் பேக்கிங் மட்டும் புதிது, தனியாக.

அக்டோபர் 20, ஞாயிறு

மாட்டியாயிற்று. ஸ்க்ரூவை முறுக்கும்போது கை பதறியது. பழைய பிளாஸ்டிக், அரைச்சுற்று கூடினால் காது தெறிக்கும்.

மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989-இன்படி பின்பக்கச் சிவப்பு விளக்கு 155 மீட்டர் தூரத்திலிருந்து தெரிய வேண்டும். இருட்டியதும் மனைவியை டிரைவர் சீட்டில் உட்கார வைத்துவிட்டு 210 காலடி நடந்தேன், என் நடைக்கு அதுதான் 155 மீட்டர். திரும்பினேன். இரண்டு சிவப்புப் புள்ளிகள். போனில், "பிரேக்" என்றேன். இரண்டும் சேர்ந்து பொங்கின. "இண்டிகேட்டர்" என்றேன். வைப்பர் ஓடியது. அப்புறம் இண்டிகேட்டரும் சரியாக வந்தது. துணைக்கு ஆள் இல்லாத நாளில் வண்டியின் பின்பக்கத்தைச் சுவரை ஒட்டி நிறுத்திக் கண்ணாடியில் பார்த்தால் போதும், சுவரில் விழும் இரண்டு சிவப்பும் சமமா என்று தெரிந்துவிடும். அதை மாதம் ஒருமுறை செய்வதென்று இன்று முடிவு.

அக்டோபர் 24, வியாழன்

ஆர்.டி.ஓ. ஆபீஸ். எனக்கு முன்னால் ஏழு வண்டி. இன்ஸ்பெக்டர் சேசிஸ் நம்பரைச் சரிபார்த்தார், ஹாரன் கேட்டார், பின்னால் போய் பிரேக், இண்டிகேட்டர், ரிவர்ஸ் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். எல்லாம் எரிந்தன. பிறகு குனிந்து, நம்பர் பிளேட்டின் மேல் உள்ளங்கையைக் குடைபோலக் கவித்துப் பார்த்தார்.

"சார், நம்பர் பிளேட் லைட் எரியலையே."

மூன்று வாரம் அதிலிருந்து ஒரு சாண் தள்ளி உட்கார்ந்து வேலை பார்த்திருக்கிறேன். கேட்டுக்கு வெளியே பெட்டிக்கடையில் அந்தக் குட்டிப் பல்பு இருந்தது. 20 ரூபாய்.