அளந்து வாங்குவோம்

பங்கு இல்லத்தின் கதவைத் தட்டுவோர் கொண்டுவரும் கேள்விகள் காலத்துக்குக் காலம் மாறி வருகின்றன. கல்லூரியில் இடம், வெளிநாட்டு வேலைக்கான சான்றிதழ், உடன்பிறந்தாரிடையே பாகப்பிரிவினை என்று நீண்ட அந்த வரிசையில், அண்மைக் காலத்தில் கம்ப்யூட்டரும் வந்து சேர்ந்துகொண்டது. குருமடத்தில் சேருமுன் இயற்பியல் பயின்றவன், பள்ளியொன்றின் கம்ப்யூட்டர் அறையைச் சில ஆண்டுகள் மேற்பார்த்தவன் என்பதால், இத்தகைய வழக்குகள் என்னிடமே தீர்ப்புக்கு வருகின்றன. அவற்றுள் ஒன்றை இங்கே எழுதுகிறேன். பிள்ளைகள் உள்ள பல இல்லங்களுக்கு அது பயன்படக்கூடும்.

2025ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் ஒரு தந்தையும் மகனும் வந்தார்கள். தந்தை லாரி ஓட்டுநர். மாதச் சீட்டில் சேர்த்த 60,000 ரூபாயை, பாலிடெக்னிக்கில் சேரவிருந்த மகனுக்குக் கம்ப்யூட்டர் வாங்கவென்று ஒதுக்கியிருந்தார். கம்ப்யூட்டரைப் பாகம் பாகமாக வாங்கித் தன் கையாலேயே பூட்ட வேண்டும் என்பது மகனின் ஈராண்டு ஆசை. அதில் ஒரு தவறும் இல்லை. ஆனால் நண்பன் வீட்டில் கண்ட கிராஃபிக்ஸ் கார்டையே தானும் வாங்க வேண்டும் என்று அவன் பிடிவாதமாக நின்றான். அந்த ஒரு கார்டே பணத்தில் மூன்றில் இரண்டு பங்கை விழுங்கிவிடும். கார்டு எதற்கு என்பதே விளங்காத தந்தை கொதித்துப்போயிருந்தார். ஒரு வாரமாக இருவரிடையே பேச்சு இல்லை. நடுவில் தூது சென்று களைத்த தாய்தான் இருவரையும் என்னிடம் அனுப்பிவைத்தார்.

"எதற்காக இந்தக் கார்டு, தம்பி?" என்று கேட்டேன்.

"படிப்புக்குத்தான், சாமி" என்றான், தந்தையின் முகத்தைப் பாராமல்.

"படிப்புக்கு என்றால் தனிக் கார்டே வேண்டாமே! 2021இல் வெளிவந்த ரைசன் 5 5600ஜி போன்ற பிராசஸர்களுக்குள்ளேயே படம் வரையும் பகுதியும் அடங்கியிருக்கிறது. நீ எழுதப்போகும் புரோகிராமுக்கும் இணையவழிப் பாடத்துக்கும் அது தாராளமாகப் போதும். அப்பாவுக்கும் பாதிப் பணம் மிஞ்சும்" என்றேன்.

அவன் முகம் வாடியது. சற்று நேரம் தரையைப் பார்த்திருந்துவிட்டு, "விளையாடத்தான், சாமி" என்றான். தந்தை சீறுவார் என்று நினைத்தேன். அவரோ, "இதை முதல் நாளே சொல்லியிருக்கலாமே, ராசா" என்றார். ஒரு வாரத்துப் பேசாமை அந்தச் சொல்லோடு கலைந்தது.

விளையாட்டு பாவமன்று. உழைத்துக் களைத்த தந்தை நாட்டுக்கால் பந்தாட்டத்தைத் தொலைக்காட்சியில் பார்ப்பது போன்றதுதான் மகனின் விளையாட்டும். ஆனால் நோக்கத்தை மறைத்துப் பொருள் வாங்கப் புறப்பட்டால், எந்த அளவுகோலை எடுப்பது? கார்டுகளில் பத்தாயிரம் ரூபாய்க்கும் உண்டு, இலட்ச ரூபாய்க்கு மேலும் உண்டு. 'எதற்கு' என்ற கேள்விக்கு உண்மையான விடை கிடைத்த பிறகே 'எது' என்ற கேள்வி எளிதாகிறது. ஆகவே, அவன் விளையாட விரும்பும் விளையாட்டுகளை ஒரு தாளில் எழுதச் சொன்னேன். 2020இல் வந்த வேலொரண்ட், 2015இல் கம்ப்யூட்டருக்கு வந்த ஜிடிஏ 5, 2020இல் வந்த சைபர்பங்க் 2077, 2024இல் வந்த இண்டியானா ஜோன்ஸ் என நான்கை எழுதினான்.

பின்னர் தந்தைக்காகக் கார்டின் வேலையைச் சற்று விளக்கினேன். நாம் சாதாரணமாகக் காணும் மானிட்டரில் குறுக்கே 1920, நெடுக்கே 1080 என மொத்தம் 20,73,600 ஒளிப்புள்ளிகள் இருக்கின்றன. விளையாட்டில் காட்சி நொடிக்கு 60 முறை புதிதாக வரையப்பட்டால்தான் ஓட்டம் சீராகத் தெரியும். அஃதாவது நொடிக்கு 12 கோடிக்கும் மேற்பட்ட புள்ளிகளுக்கு நிறம் கணக்கிட வேண்டும். பிராசஸர் என்பது கைதேர்ந்த ஒரு சில தச்சர்களைப் போன்றது. கடினமான வேலையை ஒன்றன்பின் ஒன்றாகச் செய்யும். கிராஃபிக்ஸ் கார்டோ நடவு வயலில் வரிசையாக இறங்கும் ஆட்களைப் போன்றது. ஒவ்வொருவர் செய்வதும் சிறு வேலைதான். ஆயிரக்கணக்கானோர் ஒரே நேரத்தில் செய்வதால் வயல் நொடியில் நிறைந்துவிடுகிறது. "அப்படியென்றால் வயல் எவ்வளவு பெரியது என்று பார்த்துத்தானே ஆள் கூப்பிட வேண்டும்?" என்றார் தந்தை. நான் சொல்ல வந்ததும் அதுவே.

அவர்கள் வீட்டில் சித்தப்பா விட்டுச்சென்ற 24 அங்குல மானிட்டர் ஒன்று இருந்தது. அதன் அளவு 1920க்கு 1080. நொடிக்கு 75 முறை காட்சியை மாற்ற வல்லது. நண்பன் வீட்டு மானிட்டர் 4கே வகை. அதில் புள்ளிகள் சரியாக நான்கு மடங்கு. நான்கு மடங்கு வயலுக்கு அழைத்த ஆட்களை இந்தச் சிறு வயலில் இறக்குவானேன்? கார்டு நொடிக்கு 150 காட்சிகளை வரைந்தாலும் அந்தப் பழைய மானிட்டர் 75க்கு மேல் காட்டப்போவதில்லை. மானிட்டரைப் பாராமல் கார்டைத் தேர்வது, காலை அளக்காமல் செருப்பு வாங்குவதற்கு ஒப்பாகும்.

அடுத்தது கார்டின் நினைவகம். காட்சியில் வரும் சுவர், மரம், முகம் ஆகியவற்றின் மேற்பூச்சுப் படங்கள் அதில்தான் வைக்கப்படுகின்றன. இடம் போதாவிட்டால் கார்டு ஒவ்வொன்றையும் தொலைவிலுள்ள ராமிலிருந்து எடுத்துவர வேண்டியிருக்கும். ஆட்டம் திக்கித் திக்கி ஓடும். 4 ஜிபி இன்றைய பெரிய விளையாட்டுகளுக்குப் போதாது. அவர்களுடையது போன்ற மானிட்டருக்கு 8 ஜிபி என்பதைக் குறைந்த அளவாகக் கொள்ளலாம். எனினும் நினைவகம் ஒன்றையே பார்த்து மயங்கலாகாது. வலுவற்ற கார்டில் எத்தனை ஜிபி இருந்தாலும் அது சிறு கடைக்குப் பெரிய கிட்டங்கி கட்டியது போலத்தான்.

பெயர்களிலும் விழிப்பு வேண்டும். 2017இல் ஜிடி 1030 என்றொரு கார்டு வந்தது. மறு ஆண்டே அதே பெயரில், வேகம் குறைந்த நினைவகத்துடன் வேறொன்று கடைக்கு வந்தது. ஜிடிஎக்ஸ் 1060இல் 6 ஜிபி, 3 ஜிபி என இரு வகை. வேறுபாடு நினைவகத்தில் மட்டுமன்று, கணக்கிடும் பகுதிகளும் 1280க்குப் பதில் 1152தான். ஆர்டிஎக்ஸ் 3050 என்ற பெயரில் 2022இல் 8 ஜிபி கார்டும், 2024இல் அதனினும் மெலிந்த 6 ஜிபி கார்டும் வந்தன. ஆதலின் பெட்டியின் மேலுள்ள பெரிய எழுத்தைப் படித்தபின், பின்புறத்துச் சிறிய எழுத்தையும் படிக்க வேண்டும்.

நான் சென்னைக்குச் செல்ல வேண்டிய நாளொன்றில் மூவருமாகப் புறப்பட்டோம். அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவில் கடைகடையாக ஏறி இறங்கினோம். ஒரு கடையில் பயன்படுத்திய ஆர்டிஎக்ஸ் 3070 ஒன்றைக் காட்டினார்கள். புதிய சிறு கார்டின் விலையில் பெரிய கார்டு! இளைஞனின் கண்கள் விரிந்தன. பில் உண்டா என்று கேட்டேன், இல்லை. முன்பு யாரிடம் இருந்தது என்று கேட்டேன், தெரியாது. 2022 செப்டம்பர் 15 வரையில் எத்தீரியம் என்னும் மின்பணத்தை ஈட்டுவதற்காக, உலகெங்கும் இத்தகைய கார்டுகளை இரவு பகலாக ஓடவிட்டார்கள். அன்று அந்த முறை மாற்றப்பட்டபின், உழைத்துக் களைத்த கார்டுகள் ஏராளமாகச் சந்தைக்கு வந்தன. அவை அனைத்தும் பழுதானவை என்று சொல்வது நியாயமாகாது. ஃபேனை மாற்றி, காய்ந்த பசையைத் துடைத்துப் புதிது தடவினால் பல ஆண்டுகள் ஓடுபவையும் உண்டு. ஆனால் அதைச் சோதித்தறியும் பழக்கமும், போனால் போகட்டும் என்னும் பணமும் உள்ளவர்களுக்கே அந்தத் துணிச்சல் பொருந்தும். சீட்டுப் பணத்தைக் கொண்டு முதன்முதலாகக் கம்ப்யூட்டர் பூட்டுகிறவனுக்குப் பில்லும் உத்தரவாதமும் கட்டாயம் வேண்டும்.

மிகப் பழைய கார்டுகள் வேறொரு வகையிலும் பின்தங்கிவிட்டன. ஜிடிஎக்ஸ் 1060 தன் காலத்தில் பேர்பெற்றது. ஆயினும் புதிய விளையாட்டுகளுக்கேற்ற டிரைவர்கள் அதற்கு 2025ஆம் ஆண்டோடு முடிந்துபோயின. பட்டியலில் நான்காவதாக நின்ற இண்டியானா ஜோன்ஸ், ஒளிக்கதிரின் வழியைக் கணக்கிடும் பகுதி இல்லாத அத்தகைய கார்டை ஏற்பதே இல்லை.

எங்கள் முன் இறுதியில் நின்றவை மூன்று. 2023இல் வந்த ஆர்டிஎக்ஸ் 4060 வேகத்தில் மேலானது. 115 வாட் மின்சாரமே கேட்கும். சிறிய காட்சியை வரைந்து பெரிதாக்கிக் காட்டும் டிஎல்எஸ்எஸ் என்னும் உத்தியும் அதில் உண்டு. ஆனால் அன்று அந்தக் கடைகளில் அதன் விலை எட்டாயிரம் ரூபாய் கூடுதலாக இருந்தது. 2024 டிசம்பரில் இன்டெல் வெளியிட்ட ஆர்க் பி580இல் 12 ஜிபி நினைவகம் இருந்தது. ஆனால் அது வலுக்குறைந்த பிராசஸரோடு சேர்ந்தால் தன் முழு வேகத்தைக் காட்டுவதில்லை. மூன்றாவது, 2021 அக்டோபரில் வந்த ஆர்எக்ஸ் 6600. 8 ஜிபி நினைவகம், 132 வாட் மின்சாரம், விலை 20,500 ரூபாய். வயதில் மூத்தது, ஆனால் அந்த மானிட்டருக்கும் அந்த நான்கு விளையாட்டுகளுக்கும் பொருத்தமானது. சைபர்பங்க் விளையாட்டில் எல்லா அழகையும் உச்சத்தில் வைக்க இயலாது என்பதையும் அவனிடம் முன்கூட்டியே சொன்னேன்.

"எட்டாயிரத்தை நான் வட்டிக்கு வாங்கித் தரட்டுமா?" என்று தந்தை மெல்லக் கேட்டார். மகன் தாளை மீண்டும் ஒருமுறை பார்த்தான். "வேண்டாம் அப்பா. நம் மானிட்டருக்கு இது போதும்" என்றான். ஒரு வாரத்துக்கு முன் இதே பிள்ளைதான் நண்பனின் கார்டைத் தவிர வேறெதையும் கேட்க மறுத்தவன். நாங்கள் யாரும் அவனைக் கட்டாயப்படுத்தவில்லை. கணக்கு அவன் கையிலேயே இருந்தது.

மொத்தப் பணத்தில் மூன்றில் ஒரு பங்கைச் சற்றே தாண்டிக் கார்டுக்குக் கொடுத்துவிட்டு, மிச்சத்தை மற்றப் பாகங்களுக்குப் பங்கிட்டோம். அங்கே நான் விட்டுக்கொடுக்காதது ஒன்றே ஒன்று: எஸ்.எம்.பி.எஸ். கண்ணுக்குத் தெரியாமல் கேபினட்டுக்குள் கிடப்பதால் பலரும் அதில்தான் மிச்சம் பிடிக்கிறார்கள். மதர்போர்டின் துளைவழி கார்டுக்கு 75 வாட் வரையில்தான் கிடைக்கும்; எட்டு ஊசி இணைப்பு வழியாக மேலும் 150 வாட் வரை எஸ்.எம்.பி.எஸ். நேராகத் தர வேண்டும். மட்டமான எஸ்.எம்.பி.எஸ். பழுதானால் தான் மட்டும் போகாது, கார்டையும் மதர்போர்டையும் கூடவே இழுத்துச் செல்லக்கூடும். ஆகவே '80 பிளஸ்' முத்திரை பெற்ற 550 வாட் ஒன்றை வாங்கினோம். காற்றோட்டமில்லாத கண்ணாடிக் கேபினட்டை விலக்கி, முன்புறம் வலையடித்ததைத் தேர்ந்தோம். எங்கள் ஊர் வெயிலுக்கு வண்ண விளக்கைவிடக் காற்று முக்கியம்.

மின்கட்டணத்தைப் பற்றியும் தந்தை கேட்டார். விளையாடும்போது மொத்தமும் சுமார் 250 வாட் என்று கொண்டால், நான்கு மணி நேரத்துக்கு ஒரு யூனிட் ஆகும். "தினமும் நான்கு மணி நேரமா!" என்று அவர் திடுக்கிட, "இல்லை அப்பா, இரண்டு" என்றான் மகன். பேரம் அங்கேயே முடிந்தது.

வீட்டுக் கூடத்தில் பாய் விரித்து இருவரும் சேர்ந்தே பூட்டினார்களாம். திருப்புளி பிடிப்பதில் தந்தையின் கை தேர்ந்த கை. முதலில் திரை கறுப்பாகவே நின்றிருக்கிறது. இணைப்புக் கம்பியை மதர்போர்டில் செருகியிருக்கிறார்கள். அவர்கள் வாங்கிய ரைசன் 5 5600இல் படம் வரையும் பகுதி இல்லை, ஆகவே கம்பியைக் கார்டிலேயே செருக வேண்டும். புதிதாகப் பூட்டுவோர் பலர் தடுமாறும் இடம் அது. மாற்றிச் செருகியதும் திரை ஒளிர்ந்தது. செலவு போக மிஞ்சிய 2,400 ரூபாயை மகன் தந்தையிடம் எண்ணிக் கொடுத்தான் என்று தாய் எனக்குச் சொன்னார்.

அன்புப் பெற்றோரே, கார்டுகளின் பெயர்கள் ஆண்டுதோறும் மாறும். விலையும் நிலையானதன்று, 2021இல் தட்டுப்பாட்டால் ஏறியது, 2025இன் இறுதி மாதங்களில் நினைவகச் சில்லுகளின் விலையேற்றம் கம்ப்யூட்டர் வாங்குவோரை மீண்டும் வருத்தியது. ஆகவே நான் எழுதிய கார்டையே தேடி அலைய வேண்டாம். எதற்காக வாங்குகிறோம், எந்த மானிட்டரில் பார்க்கப்போகிறோம், எஸ்.எம்.பி.எஸ். தாங்குமா, பில் உண்டா, மிச்சப் பாகங்களுக்குப் பணம் இருக்கிறதா என்னும் ஐந்து கேள்விகளையும் பிள்ளையையே தாளில் எழுதி விடை காணச் சொல்லுங்கள். முதல் கேள்விக்கு அவன் அஞ்சாமல் உண்மை சொல்லும்படி நீங்கள் கேட்க வேண்டும். ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்றனர் நம் முன்னோர். அளக்கும் கோலை ஒருமுறை பிள்ளையின் கையில் கொடுத்துவிட்டால், அடுத்த பொருளை அவனே அளந்து வாங்குவான்.