பனை கற்பித்த புணர்ச்சி

ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இலக்கணம் என்றாலே அச்சம். புணர்ச்சி விதிகளை மனப்பாடம் செய்வர். தேர்வு முடிந்ததும் மறப்பர். திருச்செந்தூர் வட்டாரத்துச் சிற்றூர்ப் பள்ளியொன்றில் பணியாற்றிய ஆண்டுகளில், அந்தந்தப் பருவம் தருகின்ற பொருள்களைக் கொண்டே இலக்கணத்தை விளையாட்டாக்கிப் பார்த்தேன்.

ஆனியில் பள்ளி திறக்கும்போது மாங்காய் எஞ்சியிருக்கும். நான்கு பிள்ளைகள் ங், ஞ், ந், ம் என்னும் அட்டைகளை ஏந்தி நிற்பர். ஒருத்தி 'மா' ஆவாள். எதிரே 'காய்' நிற்பான். இடையில் ஓடிவந்து நிற்க வேண்டியவர் யார்? ககரத்தை ஒலித்துப் பார்ப்பர், அடிநாக்கு எழும். அதே இடத்தில் மூக்கொலியாய்ப் பிறப்பது ஙகரம். ஆகவே மாங்காய். அவ்வாறே மாஞ்சோலை, மாந்தோப்பு, மாம்பழம். இன எழுத்து என்பதை அவர்கள் நாவே உணர்ந்துகொள்ளும்.

பங்குனியில் புளியங்கொட்டை. நான்கு கொட்டைகளை ஒருபுறம் வெள்ளையாகத் தேய்த்துத் தாயம்போல் உருட்டுவோம். ஒரு வெள்ளை விழுந்தால் ககரம், இரண்டு சகரம், மூன்று தகரம், நான்கு பகரம். அவ்வெழுத்து வருமாறு ஒரு மரப்பெயர்ச் சொல்லைக் கூற வேண்டும். புளியந்தோப்பு, வேப்பம்பூ எனச் சொற்கள் குவியும்.

ஆயினும் தை மாதமே என் நெஞ்சில் நிலைத்தது. ஓலைத் துண்டில் 'பனை' என்று எழுதி, ஐகாரக் குறியைக் கட்டைவிரலால் மறைக்கச் சொல்வேன். ஐகாரம் போய் 'அம்' வரும். அதன் மகரம் அடுத்த வல்லெழுத்துக்கு இனமாகத் திரியும். சரியாகச் சேர்ப்பவருக்கு அவித்த பனங்கிழங்கு பரிசு.

அவ்வகுப்பில் பனையேறுபவர் மகன் ஒருவன் இருந்தான். கடைசி வரிசை, கேட்டால் தலைகுனிவான். மாசி பிறந்ததும் பதநீர் இறக்கக் குடும்பத்தோடு தோப்புக் குடிசைக்குப் போய்விடுவான். அவன் படிப்பு ஆண்டுதோறும் அங்கேயே அறுபடும். அன்று அவன் எழுந்தான். பனங்கிழங்கு, பனங்கற்கண்டு, பனந்தோப்பு, பனம்பழம் என்று நிறுத்தாமல் சொன்னான். வகுப்பு வியந்து பார்த்தது.

13ஆம் நூற்றாண்டில் நன்னூல் இயற்றிய பவணந்தி முனிவர் பனைக்கென்றே ஒரு நூற்பா வைத்திருக்கிறார் என்றும், 'கொடி' வந்தால் பனைக்கொடி என ஐகாரம் போகாமல் நிற்கும் என்றும் கூறினேன். அவன் கேட்டான்: "அவுகளும் பனையேறுவாகளா, சார்?"

பிள்ளைகள் சிரித்தனர். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தன் தந்தையின் மரம் பெரிய நூலுக்குள் இருப்பதை அவன் அன்றுதான் அறிந்தான்.

அவ்வாண்டு மாசியில் பெற்றோர் மட்டுமே தோப்புக்குச் சென்றனர். அவன் பாட்டியிடம் தங்கி, ஆண்டுத் தேர்வை எழுதினான். அதற்கு ஓர் ஓலைத் துண்டே காரணம் என்று நான் உரிமை கொண்டாட மாட்டேன். வீட்டில் என்ன பேசினார்களோ, யாரறிவார்! ஆனால் ஒன்றை உறுதியாகச் சொல்வேன். உழைக்கும் மக்கள் நாவில் வழங்கிய சொற்களிலிருந்தே இலக்கணிகள் விதிகளைக் கண்டெடுத்தனர். அவர்கள் பிள்ளைகளுக்கு அதை நாம் புதிதாக ஊட்ட வேண்டியதில்லை. அவர்களுடையது என்று எடுத்துக் காட்டினாலே போதும்.