நிற்கும்போது எத்தனை அங்குலம்?

மாப்பிள்ளை மோட்டாரை முதலில் வாங்கிவிட்டார். அதற்குப் பிறகுதான் படகு தேடினோம். மாட்டுக்கு முன்னால் வண்டியா என்று சிலர் சிரிக்கலாம். ஆனால் மட் மோட்டார் விஷயத்தில் இதுதான் சரியான வரிசை. எந்த மோட்டார் என்று தெரிந்தால்தான், அதற்கு எப்படிப்பட்ட அடிப்பகுதி உள்ள படகு வேண்டும் என்று சொல்ல முடியும்.

மகள் குடும்பம் அமெரிக்காவில் லூசியானா மாநிலத்தின் தென்கோடியில், ஹூமா ஊர்ப் பக்கம் இருக்கிறது. வீட்டை விட்டு அரை மணி நேரம் காரில் போனால் சதுப்பு நிலம். கண்ணுக்கு எட்டிய தூரம் வரை புல், நடுவில் தண்ணீர், அடியில் சேறு. 1932 முதல் 2016 வரை அந்தக் கடற்கரையில் சுமார் 4,800 சதுர கிலோமீட்டர் நிலம் நீருக்குள் போய்விட்டது. பழைய வரைபடத்தில் தரையாக இருக்கும் இடம் இன்று முழங்கால் அளவுத் தண்ணீராக இருக்கிறது. சாதாரண அவுட்போர்டு மோட்டார் அங்கே சேற்றை உறிஞ்சித் திணறிவிடும். அது தண்ணீரால் குளிரும் இயந்திரம் அல்லவா?

மட் மோட்டாருக்கு அந்தத் தொல்லை இல்லை. புல் வெட்டும் இயந்திரத்தில் இருப்பதுபோலக் காற்றால் குளிரும் பெட்ரோல் இன்ஜின், படகின் பின்பலகை மேல் உட்கார்ந்திருக்கும். பழைய வகையில் நீண்ட தண்டு ஒன்று பின்னால் நீட்டிக்கொண்டு போய்ப் புரொப்பெல்லரைச் சுற்றும். தாய்லாந்து கால்வாய்ப் படகுகளிலும், நம் கடற்கரை ஃபைபர் படகுகளில் ‘லாங் டெயில்’ என்று சொல்லும் இன்ஜினிலும் இதே ஏற்பாடுதான். லூசியானாவில் கோ-டெவில் நிறுவனம் 1977இல் பேட்டன் ரூஜ் நகரில் இதைச் செய்து விற்க ஆரம்பித்தது. பிறகு வந்த ‘சர்ஃபேஸ் டிரைவ்’ வகையில் தண்டு குட்டை. புரொப்பெல்லர் பின்பலகையை ஒட்டி, படகின் அடிமட்டத்திலேயே, பாதி தண்ணீருக்கு வெளியே சுற்றும். மாப்பிள்ளை வாங்கியது இந்த வகையில் 23 குதிரைத் திறன். எடை நூறு கிலோவுக்கு மேல்.

மீன்வளத் துறையில் பொறியியல் பிரிவில் இருந்தவன் என்பதால், “மாமா, நீங்க பார்த்துச் சொல்லுங்க” என்று பொறுப்பை என்னிடம் கொடுத்துவிட்டார். ஆனால் நம் ஊர்ப் பழக்கத்தை அப்படியே அங்கே கொண்டுபோக முடியாது. நம் படகு அலை உடைகிற இடத்தைத் தாண்டிக் கடலுக்குப் போக வேண்டும். அதனால் முன்பக்கம் உயர்ந்து, அடி கூர்மையாக இருக்கும். சதுப்பில் அந்தக் கூர்மை ஏர்க்கலப்பை மாதிரி சேற்றைக் கிழிக்கும். அங்கே வேண்டியது தட்டையான அடி.

மூன்று சனிக்கிழமைகளில் மூன்று படகுகள் பார்த்தோம். ஒன்றின் அடியில், பின்பக்கம் நீளவாக்கில் ஒரு குடைவு. தண்டை மேலே தூக்கிவைத்து ஓட்டும் அவுட்போர்டுகளுக்கு அது நல்லது. சர்ஃபேஸ் டிரைவுக்கு ஆகாது. குடைவு வழியாக நுரை கலந்த தண்ணீர் வந்தால் புரொப்பெல்லருக்குப் பிடிமானம் கிடைக்காது. பின்பலகைக்கு முன்னால் அடித்தகடு வழவழப்பாக, விளிம்போ வரம்போ இல்லாமல் இருக்க வேண்டும். தவிர, குடைந்த இடத்தில் மிதக்கும் சக்தி குறைகிறது. அதே இடத்தில்தான் நாம் நூறு கிலோவைத் தொங்கவிடப் போகிறோம். அதை உடனே தள்ளிவிட்டோம்.

மீதி இரண்டில்தான் வாக்குவாதம். ஒன்று 14 அடி நீளம், 3 அடி அடி அகலம், ஆணி அறைந்து இணைத்த மெல்லிய அலுமினியம், விலை குறைவு. இன்னொன்று 16 அடி நீளம், 4 அடி அடி அகலம், வெல்டிங் செய்தது, கிட்டத்தட்ட 3 மில்லிமீட்டர் தகடு, விலை ஒன்றரை மடங்கு. “சின்னது லேசு மாமா. லேசான படகுதானே கம்மித் தண்ணியில ஓடும்?” என்றார் மாப்பிள்ளை. நியாயமான கேள்வி. காகிதம் எடுத்துக் கணக்குப் போட்டேன்.

முன்பக்கம் குறுகி மேலெழும் பகுதியைக் கழித்தால், பெரிய படகு தண்ணீரில் உட்காரும் பரப்பு சுமார் 50 சதுர அடி. அது ஒரு அங்குலம் அமிழ 118 கிலோ வேண்டும். சின்னதற்குப் பரப்பு 32 சதுர அடி. ஒரு அங்குலத்துக்கு 75 கிலோ போதும். மோட்டார் 110 கிலோ, பெட்ரோல், பேட்டரி, சாமான்கள் 60 கிலோ, மகள், மாப்பிள்ளை, பேத்தி, நான் நாலு பேரும் சேர்ந்து 230 கிலோ. இதோடு படகின் எடை, சின்னது 90, பெரியது 180. கூட்டினால் சின்னது 490, பெரியது 580. அமிழும் ஆழம் சின்னதற்கு ஆறரை அங்குலம், பெரியதற்கு ஐந்துக்குள்.

எடை குறைந்த படகுதான் அதிகம் அமிழ்கிறது! மாப்பிள்ளை இரண்டு தடவை கால்குலேட்டரில் தட்டிப் பார்த்தார்.

அதோடு விடவில்லை. விற்பவர் அனுமதியோடு, சின்ன படகில் எங்கள் மோட்டாரை மாட்டிக் கால்வாயில் இறக்கினோம். ஓடும்போது குறையே இல்லை. அடி தட்டை, வேகம் வந்ததும் தண்ணீர் மேல் வழுக்கிக்கொண்டு போனது. “இப்ப சட்டுனு நிறுத்துங்க மாப்பிள்ளை” என்றேன். நிறுத்தினார். பின்னால் துரத்தி வந்த எங்கள் அலையே பின்பலகையை முட்டி ஏறியது. விளிம்புக்கு இரண்டு விரற்கடை பாக்கி. அப்போது படகில் இருந்தது நாங்கள் இருவர் மட்டும். மகளும் எட்டு வயதுப் பேத்தியும் இருந்திருந்தால்? யாரும் அதைச் சொல்லவில்லை. பெரிய படகை வாங்கினோம்.

மட் மோட்டார்க்காரர்கள் பேச்செல்லாம் ஓட்டத்தைப் பற்றித்தான். இரண்டு அங்குலத் தண்ணீரில் போனேன், வெறும் சேற்றில் போனேன் என்பார்கள். பொய்யில்லை. வேகமாகப் போகும்போது படகு எழும்பிவிடுகிறது. ஆனால் தூண்டில் போட நிற்க வேண்டும், இன்ஜின் மக்கர் செய்தால் நின்றுதான் ஆக வேண்டும். நின்றால் அதன் முழு எடையோடு அமிழும். மறுபடி கிளம்பும்போது பின்பக்கம் இன்னும் கொஞ்சம் இறங்கும். ஓடிப்போன தண்ணீரில் நிற்க முடியாது, நின்ற இடத்திலிருந்து கிளம்ப முடியாது. அங்கே அலையேற்றம் சாதாரணமாக ஓர் அடிதான், பெரும்பாலும் ஒரு நாளைக்கு ஒரு முறை. குளிர்காலத்தில் வடக்குக் காற்று பலமாக வீசினால் தண்ணீரைக் கடல் பக்கம் தள்ளிவிடும். காலையில் போன வழி மாலையில் சேறாக இருக்கும். சேற்றில் இறங்கித் தள்ளலாம் என்றால், இடுப்பு வரை புதையும். சுற்றிலும் உதவிக்கு ஆள் கிடையாது.

அதனால்தான் படகைத் தேர்ந்தெடுக்கும்போது ஓடுவதைப் பார்க்காதீர்கள், நிற்பதைப் பாருங்கள் என்கிறேன். உங்கள் மோட்டாரை மாட்டி, உங்கள் ஆட்களை ஏற்றி, அசையாமல் நிறுத்தி, பின்பலகை விளிம்புக்கும் தண்ணீருக்கும் நடுவே எத்தனை அங்குலம் என்று அளந்து பாருங்கள். சிறிய படகுகளில் ஆள் எண்ணிக்கையும் எடையும் பொறித்த தகடு இருக்கும், அதையும் படியுங்கள்.

ஊருக்குக் கிளம்புவதற்கு முன் ஒரு வேலை செய்தேன். எங்கள் படகு பின்பக்கம் ஏழு அங்குலம் அமிழ்கிறது என்று அளந்திருந்தோம். படகில் இருந்த தள்ளுகழியில், கீழிருந்து ஒன்பதாவது அங்குலத்தில் சிவப்புப் பெயிண்டால் ஒரு வளையம் போட்டேன். மெதுவாகப் போகும்போதே கழியை விட்டுப் பார்க்க வேண்டும். வளையம் நனைந்தால் அங்கே நிற்கலாம். நனையாவிட்டால் நிற்காமல் ஆழத்துக்குப் போய்விட வேண்டும். கழி பார்க்கிற வேலை பேத்தியுடையது. போன வாரம் வீடியோ காலில், “தாத்தா, நனையல. நாங்க நிக்கவே இல்ல” என்றாள்.