ஒரு மணி நேர விருந்தினர்

அரபு மொழியில் விருந்தினரை ‘ளைஃப்’ என்பர். ஒரு பெயர்ச்சொல்லை இன்னொன்றோடு சார்த்துவதைக் குறிக்கும் ‘இளாஃபத்’ என்னும் இலக்கணப் பெயரும் அதே வேரிலிருந்து பிறந்ததே. ‘ஹஸனுடைய நூல்’ என்றால் ஹஸனைக் கொண்டு நூல் அறியப்படுகிறது. பல்லாண்டுகளாக மாணவர்களுக்கு இதைக் கற்பித்து வருகிறேன். ஆயினும் விருந்துக்கும் சார்புக்கும் உள்ள இவ்வுறவின் ஆழம், ஒரு பழைய அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரைக் கண்டபோதுதான் என் உள்ளத்தில் உறைத்தது.

காய்ச்சல் தணிந்து ஓய்வில் கிடந்த நாட்களில், பொழுது போவதற்காக என் மகன் ‘பொனான்சா’ என்னும் கௌபாய்த் தொடரைப் போட்டுக் காட்டினான். எனக்கு விளங்காத ஆங்கிலத்தை அவனே விளக்கினான். 1959 முதல் 1973 வரை ஒளிபரப்பான தொடர் அது. நெவாடா நாட்டுப்புறத்தில் பெரியதொரு மாட்டுப்பண்ணை. அதன் தலைவர் பென் கார்ட்ரைட், மும்முறை மணந்து மும்முறையும் மனைவியை இழந்தவர். மூன்று மனைவியருக்கும் ஆளுக்கொரு மகன்.

இத்தகைய தொடர்களில் வாரந்தோறும் ஒரு புதிய நடிகை ‘விருந்தினராக’ வருவார். நாயகன் அவர்மீது அன்பு கொள்வான். ஆனால் கதை முடியுமுன் அப்பெண் இறக்க வேண்டும், அல்லது ஊரை விட்டுப் போக வேண்டும். அடுத்த வாரமும் நாயகன் தனியனாகவே குதிரை ஏற வேண்டுமல்லவா? ‘கன்ஸ்மோக்’ தொடரில் நிலையாக இடம்பெற்ற அமாண்டா பிளேக்குக்கும் இதே விதிதான். பத்தொன்பது பருவங்கள் மாட் டில்லனின் அருகிலேயே நின்ற கிட்டிக்குத் திருமணம் மட்டும் வாய்க்கவேயில்லை.

இதனால் அவ்விருந்தினரை அற்பமாக எண்ணிவிடலாகாது. இருமுறை ஆஸ்கார் பரிசு பெற்ற பெட்டி டேவிஸ், 1959-இல் ‘வேகன் டிரெயின்’ தொடரில் எல்லா லிண்ட்ஸ்ட்ராம் என்னும் கைம்பெண்ணாக வந்தார். ஏழு பிள்ளைகளின் தாய் அவர். தம் முடிவு நெருங்கியதை அறிந்ததும், பிள்ளைகளை ஏற்று வளர்க்க வீடு தேடுகிறார். கதைக்கு வாய்த்த நேரம் ஒரு மணிதான். அதற்குள் ஒரு தாயின் வாழ்நாள் முழுவதையும் அவர் நம் கண்முன் நிறுத்த வேண்டியிருந்தது.

‘பொனான்சா’வின் மூன்று தாய்மாரும் அவ்வாறு வந்தவர்களே. 1961-இல் ஜெரால்டின் புரூக்ஸ், 1962-இல் இங்கா ஸ்வென்சன், 1963-இல் ஃபெலிசியா ஃபார் என மூன்று நடிகையர் தந்தையின் நினைவினூடே தோன்றினர். ஒருத்தி பிள்ளைப்பேற்றில் மறைந்தாள். ஒருத்தி அம்பு தைத்து மாண்டாள். ஒருத்தி குதிரையிலிருந்து விழுந்து இறந்தாள்.

இங்கா ஸ்வென்சன் பிறந்தது 1932-இல். அவருடைய மகன் ஹாஸாக நடித்த டான் பிளாக்கர் பிறந்தது 1928-இல். “மகனைவிட அம்மா நாலு வயது இளையவங்க, வாப்பா!” என்று கூறி என் மகன் சிரித்தான். நானும் சிரிக்கத் தொடங்கினேன். ஆனால் சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது.

மர்ஹூமா என் உம்மா மறைந்தபோது அவர்களுக்கு வயது இருபத்து மூன்று. எனக்கோ இரண்டு. இன்று அவர்களைப் போல் இருமடங்குக்கும் மேலான வயதுடையவன் நான். அவர்களுடைய புகைப்படம் ஒன்றுகூட இல்லை. என்னைத் தம் வயிற்றுப் பிள்ளையாகவே வளர்த்த சின்னம்மாவின் மனம் நோகுமென்று வாப்பா அவர்களைப் பற்றிப் பேசுவதில்லை. ஒரே ஒருமுறை, நான் மதரஸாவுக்குப் புறப்படுவதற்கு முந்திய இரவு, இஷாவுக்குப் பின் திண்ணையில் அமர்ந்து சொன்னார்கள். உம்மா ஆணத்தில் உப்புப் போட மறந்துவிட்டு, வாப்பா வாய் திறக்குமுன் தாமே சிரித்துவிடுவார்களாம். அரபுத்தமிழில் கடிதம் எழுதுவார்களாம். எழுத்துகள் வலப்புறம் சற்றே சரிந்திருக்குமாம். ஒரு மணி நேரம் பேசியிருப்பார்கள். அவ்வளவே. என் உம்மாவும் என் வாழ்வில் ஒரு மணி நேர விருந்தினர்தாம்.

விருந்தினர் பிறர் கதையில் சார்த்தப்பட்டவர் என்றே அதுவரை எண்ணியிருந்தேன். கார்ட்ரைட்டின் மூன்று மகன்களைப் பார்த்தால் சார்பு மறுபுறமாக அன்றோ தெரிகிறது! தந்தை ஒருவரே. அவர்களை வேறுவேறானவர்களாக அடையாளம் காட்டுவது, வந்து மறைந்த அத்தாய்மார்தாம். ஹஸனைக் கொண்டு நூல் அறியப்படுவதுபோல், அன்னையைக் கொண்டு மகன் அறியப்படுகிறான்.

என் கையெழுத்தும் வலப்புறம் சரிந்ததே. என் மகனுடையதும் அப்படித்தான். அதன் காரணத்தை நான் அவனுக்குச் சொன்னதேயில்லை. வாப்பா காத்த மௌனத்தை, காரணம் தீர்ந்த பின்னரும் நானும் காத்திருந்தேன்.

தொலைக்காட்சியை அணைக்கச் சொன்னேன். “உன் பாட்டியைப் பற்றிச் சொல்கிறேன், உட்கார்” என்றேன்.